பூனை சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது மூக்காலா, காதாலா, மீசையாலா? வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

"எங்கள் பூனை மோப்பம் பிடித்தே வந்துவிடும்" என்பார் ஒருவர். "டப்பாவைத் திறக்கும் சத்தம் போதும், எங்கிருந்தாலும் ஓடி வரும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. பூனையின் புலன்கள் தூரத்தைப் பார்த்து வேலையைக் கைமாற்றிக்கொள்கின்றன. பக்கத்து அறையில் இருக்கும்போது காது, அறைக்குள் வந்ததும் கண்ணும் மூக்கும், கடைசி ஒரு சாணில் மூக்கும் மீசையும், வாய்க்குள் போனபிறகு நாக்கு. அதனால் "எந்தப் புலன்?" என்று பொதுவாகக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும், எந்தத் தூரத்தில் எந்தப் புலன் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

இதை நான் என் பூனையிடம் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்கள் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள், அந்த இடங்களைப் போகிற போக்கில் சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

1. செய்யவே கூடாதவை

மீசையை வெட்டக் கூடாது. "மீசை இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கலாமே" என்று முதலில் தோன்றுவது இதுதான், அதனால்தான் இதையே முதலில் சொல்கிறேன். முடியில் நரம்பு கிடையாது, வெட்டினால் வலிக்காது, உண்மைதான். ஆனால் முடி ஒரு நெம்புகோல் மாதிரி. நுனியில் பட்டதை வேருக்குக் கொண்டுபோவது அதன் நீளம்தான், வேர் மற்ற முடிகளைவிட ஆழத்தில், ரத்தம் நிரம்பிய ஒரு சிறு பைக்குள் இருக்கிறது, நரம்பு முனைகள் அதைச் சுற்றித்தான் குவிந்திருக்கின்றன. நெம்புகோலை ஒடித்துவிட்டால் பூனை வாரக்கணக்கில் தடுமாறும். தானாக ஒன்றிரண்டு உதிர்ந்து கிடந்தால் கவலை வேண்டாம், அது இயல்பு.

கண்ணைக் கட்டுவது, காதில் பஞ்சு வைப்பது, மூக்கில் எதையாவது தடவுவது, இவையும் வேண்டாம். கண்ணைக் கட்டிய பூனை கட்டை அவிழ்க்கத்தான் பார்க்கும், சாப்பாட்டைத் தேடாது. நமக்குக் கிடைப்பது அதன் எரிச்சலைப் பற்றிய தகவல் மட்டும்.

பட்டினியும் போடக் கூடாது. பூனை ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடலாம். வழக்கமான சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் செய்தால் போதும், அந்தப் பசியே தாராளம்.

சரி, அப்படியானால் ஒரு புலனை எப்படிப் பிரித்தெடுப்பது? பூனையைத் தொடாமல் சாப்பாட்டை மாற்றுவதுதான் வழி: வாசனை வராமல் மூடுவது, சத்தம் வராமல் வைப்பது, வெளிச்சத்தை அணைப்பது. மொத்த வேலையும் இவ்வளவுதான்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரே மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்கள் 6. மூன்றின் மூடியில் ஊசியால் பத்துப் பதினைந்து துளை போடுங்கள், மற்ற மூன்றை அப்படியே விடுங்கள். எல்லாம் புதிதாக, ஒரே நேரத்தில் வாங்கியவையாக இருக்கட்டும். முன்பு எதையாவது வைத்திருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் பூனையின் மூக்குக்கு அது பழைய டப்பாதான்.

சாப்பாட்டை எடுத்து வைக்க ஒரு இடுக்கி. ஒரு பகடை. தரையில் ஒட்ட வண்ண டேப். ஒரு நோட்டு.

ஸ்லோ மோஷன் வசதி உள்ள செல்போன், நொடிக்கு 120 படமாவது எடுக்க வேண்டும், 240 என்றால் நல்லது. இருட்டில் எடுக்க, இன்ஃப்ராரெட் விளக்கு உள்ள கண்காணிப்பு கேமரா ஒன்று. அந்தக் கதிர் பூனைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. விளக்கில் மங்கலாகச் சிவப்பு தெரியும் வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

இரைக்கு அது தினமும் சாப்பிடுவதையே வையுங்கள். இனிப்பு எதுவும் வேண்டாம்: இனிப்பை உணரத் தேவையான மரபணுக்களில் ஒன்று பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது என்பது 2005-லேயே கண்டறியப்பட்ட விஷயம். பூனை ஐஸ்கிரீமை நக்குகிறதே என்று கேட்பீர்கள், அது கொழுப்புக்காக.

3. டப்பாவைப் பழக்குதல்

மூன்று நான்கு நாள் ஆகும். அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. புதுப் பொருளைக் கண்டதும் பூனை முதலில் அதை ஆராயும், அல்லது பயந்து ஒதுங்கும், அந்த நேரத்தில் அது என்ன செய்தாலும் சாப்பாட்டோடு சம்பந்தமில்லை. டப்பாக்களை மூடியில்லாமல் தரையில் போட்டுவையுங்கள். ஒவ்வொரு நாளும் எல்லா டப்பாவிலும் கொஞ்சம் சாப்பாடு, இடம் மாற்றி மாற்றி. டப்பாவைக் கண்டு பூனை சலிப்படைய ஆரம்பித்தால் வேலை முடிந்தது.

4. எதையும் மாற்றாமல் ஒரு வாரம் பார்த்தல்

தட்டிலிருந்து 30 சென்டிமீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் தூரங்களில் தரையில் டேப் ஒட்டுங்கள். செல்போனைத் தரையோடு தரையாக, பக்கவாட்டில் வையுங்கள். மேலிருந்து எடுத்தால் மீசை தலைக்குக் கீழே மறைந்துவிடும், முன்னாலிருந்து எடுத்தால் தூரம் தெரியாது.

ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தலை நிமிர்ந்திருக்கிறதா குனிந்திருக்கிறதா, மீசை எங்கே இருக்கிறது என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் எழுதாதீர்கள், "ஆசையோடு வந்தது" என்பதெல்லாம் அப்புறம் உதவாது.

30 சென்டிமீட்டர் கோட்டை ஏன் ஒட்டச் சொன்னேன் என்றால், ஏறக்குறைய அந்தத் தூரத்துக்குள் வந்துவிட்ட பொருளைப் பூனையின் கண்ணால் தெளிவாகக் குவித்துப் பார்க்க முடியாது. தாடைக்கு நேர் கீழே இருப்பது தெரியவே தெரியாது. மூக்குக்கு முன்னால் ஒரு துணுக்கைப் போட்டுவிட்டு "இதோ இருக்கிறதே, தெரியவில்லையா?" என்று பூனையைத் திட்டாதவர் யார்? அதற்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியதும் தலை குனிந்து, மூக்கு தரையைத் துழாவ ஆரம்பிப்பதை வீடியோவில் பார்ப்பீர்கள். கண்ணிடமிருந்து வேலை கைமாறும் இடம் அதுதான்.

5. மூக்கு

முதலில் துளை இல்லாத மூன்று டப்பாக்கள். ஆம், வாசனையே வராதவை. ஒன்றில் சாப்பாட்டை வைத்து மூடி, ஒரு மீட்டர் இடைவெளியில் மூன்றையும் வரிசையாக வையுங்கள். எதில் சாப்பாடு என்பதைப் பகடை முடிவு செய்யட்டும்: 1, 2 என்றால் இடது, 3, 4 என்றால் நடு, 5, 6 என்றால் வலது. நாமே "மாற்றி மாற்றி" வைத்தால் நம் மனம் ஒரு ஒழுங்கைப் புகுத்திவிடும், பூனை அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும். முதலில் எந்த டப்பாவைத் தொடுகிறதோ அதுதான் அதன் விடை, இதைத் தொடங்குவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். ஒரு நாளைக்கு 3 முறை, 4 நாளில் 12 முறை. ஒவ்வொரு முறையும் முடிந்ததும், சரியோ தவறோ, ஒரு துணுக்கு கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பூனை வேலைநிறுத்தம் செய்யும்.

வாசனையே வராத டப்பாவை வைத்து என்ன பயன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதில் பூனை குருட்டாம்போக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், 12-ல் 4 வாக்கில் சரியாக வரும். 8, 9 என்று வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

நான் பார்த்தவரை ஓட்டைகள் மூன்று. முதலாவது கை: சாப்பாட்டைத் தொட்ட விரலால் மூடியை அழுத்துவது. இடுக்கியால் வைத்து, மூன்று டப்பாவையும் ஒரே ஈரத்துணியால் ஒரே மாதிரி துடையுங்கள். இரண்டாவது சத்தம்: ஒரு டப்பாவில் மட்டும் ஏதோ விழும் சத்தத்தைப் பூனை அடுத்த அறையிலிருந்தே கேட்டிருக்கும். மூன்றாவது நாம்தான். சாப்பாடு எங்கே என்று தெரிந்த ஆள் அறையில் நின்றால் அவர் கண் அந்தப் பக்கம் போய்விடும், மனிதன் சுட்டிக்காட்டும் பக்கம் போகப் பூனைக்குத் தெரியும். பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பெயர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்டவரின் உடல் அசைவைப் படித்துத்தான் விடை சொன்னது என்று 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார். உங்கள் பூனையும் சளைத்ததில்லை. ஒருவர் வைத்துவிட்டு வெளியே போகட்டும், விடை தெரியாத இன்னொருவர் கதவைத் திறந்துவிடட்டும்.

இப்போது துளையிட்ட டப்பாக்களோடு அதே 12 முறை. 8 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் மூக்கு வேலை செய்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் அவ்வளவு வர 100-ல் ஏறக்குறைய 2 வாய்ப்புதான்.

நேரம் இருந்தால் ஒரு கிளைச் சோதனை: துளையிட்ட இரண்டு டப்பாவிலும் சாப்பாடு, ஒன்றில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தது, மற்றதில் கை வெப்பத்துக்குச் சூடாக்கியது. சூட்டில் வாசனை அதிகமாகக் கிளம்புகிறது. சளிப் பிடித்த பூனை சாப்பாட்டை முகர முடியாமல் ஒதுக்கும்போது லேசாகச் சூடாக்கிக் கொடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

6. காது

இங்கே பெரும்பாலானவர்கள் செல்போனில் எலி கீச்சிடும் வீடியோவைப் போட்டுவிடுகிறார்கள். பூனை எட்டிப் பார்க்கும், சந்தேகமில்லை. ஆனால் பூனைக்கு ஏறக்குறைய 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20-க்கு மேல் கேட்காது. செல்போனின் ஒலிபெருக்கி நம் காதுக்காகச் செய்யப்பட்டது, எலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மேல்சுருதி அதில் வரவே வராது. ஆக நீங்கள் சோதித்தது எலிச் சத்தத்தை அல்ல, செல்போன் சத்தத்தை.

உண்மையான சரசரப்பு வேண்டும். துளையில்லாத இரண்டு டப்பாக்களில் உலர்ந்த காகிதத்தைக் கசக்கிப் போட்டு, இரண்டிலும் நூல் கட்டி, நூல்களைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். காகிதச் சரசரப்பில் நம் காதுக்கு எட்டாத பகுதியும் இருக்கும். பூனை இரண்டுக்கும் நடுவே, 2 மீட்டர் தள்ளி இருக்கும்போது ஒரு நூலை மட்டும், டப்பா நகராத அளவுக்கு, மெல்லச் சுண்டுங்கள். டப்பா நகர்ந்தால் அது கண்ணுக்கான சோதனையாகிவிடும்.

வீடியோவில் காது மடலைப் பாருங்கள். தலை திரும்புவதற்கு முன்பே, பல சமயம் ஒரு காது மட்டும், சத்தம் வந்த திசைக்குத் திரும்பியிருக்கும். பெரும்பாலான பூனைகள் நேராக அந்த டப்பாவுக்குப் போகும். போகாவிட்டாலும் காது திரும்பியதைக் குறித்துக்கொள்ளுங்கள், கேட்டது ஆனால் அக்கறை இல்லை என்பதும் ஒரு விடைதான்.

7. கண்

சுருக்கமாக முடித்துவிடலாம். ஒளி ஊடுருவும், இறுக்கமாக மூடிய இரண்டு பாட்டில்கள், இரண்டிலும் ஒரே அளவு பொருள். ஒன்றை அசையாமல் விட்டு மற்றதை நூலால் நகர்த்துங்கள். நகர்வதைத்தான் பூனை பார்க்கும், அசையாமல் கிடப்பதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். நிறத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். சிவப்பெல்லாம் பூனைக்குச் சரியாகப் பிரித்துத் தெரியாது, முடிவைப் படிக்கவும் முடியாது.

8. மீசை

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். மற்ற புலன்களை முதலில் முடிக்கச் சொன்னதற்குக் காரணம், மீசையின் வேலை மற்ற எல்லாம் ஓய்ந்த பிறகு, சில சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு நொடிக்கும் குறைவாக நடக்கிறது. முன்னால் நடந்தது என்ன என்று தெரியாவிட்டால் இதைப் படிக்க முடியாது.

முதலில் உங்கள் பூனையின் மீசையை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மேலுதட்டில் பக்கத்துக்கு 12 வாக்கில், 4 வரிசையாக இருக்கும். கண்ணுக்கு மேலே சில, தாடையில் சில. முன்னங்காலின் பின்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலேயும் கொஞ்சம் இருக்கும், இதைப் பலர் கவனித்ததே இல்லை. சும்மா இருக்கும்போது மீசை பக்கவாட்டில் விரிந்திருக்கும். பயத்திலோ சண்டையிலோ கன்னத்தோடு ஒட்டிப் பின்னால் போகும். இரையை நெருங்கும்போது முன்னால் வரும். இந்த மூன்று நிலைகளையும் சாதாரண வீடியோவில் பார்த்துப் பழகாமல் ஸ்லோ மோஷனுக்குப் போகாதீர்கள்.

முதல் சோதனை வெளிச்சத்தில். விளையாட்டு எலியை நூலில் கட்டி, பூனையின் முகத்துக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் ஆட்டுங்கள், பக்கவாட்டிலிருந்து 240 வேகத்தில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழ வேண்டும், அந்த வேகத்தில் அறை விளக்கில் எடுத்தால் படம் இருண்டோ துடித்தோ போகும். வாய் திறக்கும் நேரத்தில் மீசை வலை மாதிரி முன்னால் வந்து எலியைச் சூழ்வது தெரியும். கடிக்கும் அந்தக் கணத்தில் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது, எங்கே கடிப்பது என்று சொல்வது மீசைதான். அப்புறம் எலியை முன்னங்கால்களுக்கு நடுவே பிடிக்கட்டும். பிடித்த எலி இழுக்கிறதா என்பதைக் காலில் உள்ள மீசை உணரும், நூலை லேசாக இழுத்தால் பிடி இறுகுவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது இருட்டில். முழு இருட்டு வேண்டும். "விளக்கை அணைத்துவிட்டேன்" என்பது இருட்டு இல்லை, நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் பூனை சமாளித்துவிடும். சார்ஜரின் சின்ன விளக்கு, கதவிடுக்கு, எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் அடையுங்கள். அதே அறையில் 10 நிமிடம் உட்கார்ந்தும் உங்கள் கையே உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தொடங்கலாம்.

அகலமான தட்டில் ஒரே ஒரு துணுக்கு, கொஞ்சம் தள்ளி அதே அளவில் மூன்று மரத்துண்டுகள். தட்டு முழுவதையும் முன்கூட்டியே அதே உணவால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், எங்கும் ஒரே வாசனையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மூக்கே வேலையை முடித்துவிடும், நாம் மீசைக்குப் பாராட்டு கொடுத்துக்கொண்டிருப்போம். இன்ஃப்ராரெட் கேமராவில் பாருங்கள்: மீசை முன்னால் வந்து தட்டைத் தொட்டுக்கொண்டே போகும், ஏதாவது பட்டதும் தலை அந்தப் பக்கம் சட்டென்று திரும்பி மூக்கும் உதடும் அதன் மேல் போய் நிற்கும். மீசை பட்டதற்கும் மூக்கு போய்ச் சேர்ந்ததற்கும் இடைப்பட்ட திருப்பம்தான் நாம் தேடுவது. மரத்துண்டின் மேலும் அதே திருப்பம் வந்தால் மகிழுங்கள், தொடுதலால்தான் போயிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அதையே வெளிச்சத்திலும் செய்து ஒப்பிடுங்கள்.

இந்தப் படியில் செய்யும் பெரிய தவறு, "மீசையால் சாப்பாட்டைக் கண்டுபிடித்தது" என்று எழுதுவது. தட்டு வரை கொண்டுவந்தது மூக்கு. மீசை செய்தது கடைசி 5 சென்டிமீட்டர்.

குறுகிய கிண்ணத்தில் மீசை உரசி பூனை சோர்ந்துவிடும் என்று சொல்லி விற்கும் அகலத் தட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு வாரம் இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்து, மிச்சத்தை எடை போடுங்கள். உங்கள் பூனைக்கு வித்தியாசம் இருந்தால் எடையில் தெரியும்.

9. பூனை இல்லாமல் வேறு விலங்கு என்றால்

வளர்ப்பு எலி: இதற்கு மீசை கடைசிக் கட்டப் புலன் இல்லை, நடக்கும் நேரம் முழுக்க வேலை செய்கிறது. நொடிக்கு 5 முதல் 12 முறை மீசையை முன்னும் பின்னும் வீசும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம்தான், ஒரு வீச்சுக்கு இரண்டு முதல் ஆறு படம்தான் கிடைக்கும், அதில் ஒன்றும் புரியாது. 240 வேண்டும். இருட்டுச் சோதனையை எலியோடு தொடங்கினால் பூனையைவிடச் சீக்கிரம் பலன் தெரியும்.

நாய்: மூக்குச் சோதனையில் துளைகளைக் குறையுங்கள், ஒன்றிரண்டே போதும். மனிதனைப் படிப்பதில் பூனையைவிடக் கெட்டி என்பதால் விடை தெரிந்தவர் வீட்டிலேயே இல்லாவிட்டால் நல்லது.

தொட்டியில் கெளுத்தி: அதன் மீசை முடி அல்ல, தோலின் நீட்சி, அதன்மேல் சுவை மொட்டுகள். அதாவது நாக்கை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நீந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவை ஊறவைத்த நீரை ஒரு மூலையிலும் வெறும் தொட்டி நீரை எதிர் மூலையிலும் சொட்டு சொட்டாக விட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் வடிகட்டும் மோட்டாரை நிறுத்தாவிட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் கலந்துவிடும்.

வீட்டில் செய்ய முடியாததும் ஒன்று உண்டு, முறை மட்டும் இதேதான். 2001-ல் ஜெர்மனியைச் சேர்ந்த குய்டோ டெனார்ட் குழு, பழக்கப்பட்ட கடல்நாய்க்குக் கண்ணை மறைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, முன்னால் ஒரு குட்டி நீர்மூழ்கியை ஓடவிட்டது. அது கிளப்பிவிட்டுப் போன நீர்ச்சுழலை மீசையாலேயே உணர்ந்து கடல்நாய் பின்தொடர்ந்தது. மீசையை உறையால் மூடியதும் தடத்தைத் தவறவிட்டது. வெட்டவில்லை, மூடினார்கள், அதுவும் பயிற்சி பெற்ற விலங்குக்கு, பயிற்சியாளர் கையால். நீங்கள் பூனையிடம் முயலாதீர்கள், முதல் படியில் சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

10. நோட்டைப் படிக்கும்போது

8 அல்லது அதற்கு மேல் வந்தால் சரி, 4 பக்கம் வந்தால் அந்தப் புலனால் அந்தத் தூரத்தில் முடியவில்லை, அல்லது பூனைக்கு அன்று மனமில்லை. எது என்று தெரிய, ஒவ்வொரு நாளின் கடைசி முறையாகத் திறந்த டப்பாவில் கண்ணெதிரே சாப்பாட்டை வையுங்கள். அதற்கும் வராவிட்டால் பசியில்லை, அந்த நாளின் மூன்றையும் அடித்துவிட்டு இன்னொரு நாள் செய்யுங்கள். பிடிக்காத முடிவு வந்த நாளை மட்டும் அடிப்பது ஏமாற்று, அடிப்பதற்கான விதியை முதல் நாளே எழுதிவைத்துவிட வேண்டும்.

6, 7 என்று நடுவில் நின்றால் உடனே இன்னும் 12 முறை என்று தொடங்காதீர்கள். முதலில் எந்தப் பக்கத்து டப்பாவை எத்தனை முறை தொட்டது என்று எண்ணுங்கள். சில பூனைகளுக்கு ஒரு பக்கப் பழக்கம் உண்டு. என் பூனை முதல் வாரம் 12-ல் 9 முறை இடது டப்பாவுக்கே போனது, மூக்கைப் பற்றி நான் பெரிய முடிவெல்லாம் எழுதிவைத்த பிறகுதான் கவனித்தேன், கதவு இடதுபக்கம் இருந்தது. வரிசையைக் கதவுக்கு நேர் எதிரே, மூன்றும் வாசலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி வில்போல வளைத்து வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள், துளையில்லாத டப்பாவிலிருந்தே.